ஐ.என்.எஸ். கல்வரி: கட்டியது, ஓட்டுவது, அப்புறம் எல்லோரும் கேட்கும் சந்தேகங்கள்

நீர்மூழ்கிக் கப்பல் பற்றி நாலு விஷயம் தெரியும் என்று ஒரு தடவை வெளியே சொல்லிவிட்டால் போதும், கல்யாணப் பந்தியில்கூட பக்கத்து இலைக்காரர் கேள்வி கேட்பார். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது என்பதால் ஒரே ஒரு கப்பலை எடுத்துக்கொண்டேன். மும்பையில் கட்டப்பட்டு, 2017 டிசம்பர் 14 அன்று இந்தியக் கடற்படையில் சேர்ந்த ஐ.என்.எஸ். கல்வரி.

கல்வரி என்றால் என்ன? கல்வாரி மலைக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

இல்லை. பெயரைக் கேட்டதும் இயேசுவின் சிலுவை நின்ற மலைதான் பலருக்கு நினைவு வருகிறது. இது மீன் பெயர். ஆழ்கடலில் வேட்டையாடும் புலிச்சுறாவுக்கு மலையாளத்தில் வழங்கும் பெயர் என்று சொல்கிறார்கள்.

இந்தப் பெயரில் இது இரண்டாவது கப்பல். முதல் கல்வரி சோவியத் யூனியனிடம் வாங்கியது. 1967 டிசம்பர் 8 அன்று ரீகா துறைமுகத்தில் கமாண்டர் கே.எஸ். சுப்பிரமணியன் தலைமையில் பணியில் சேர்ந்தது. இந்தியாவின் முதல் நீர்மூழ்கி அதுதான். அதனால்தான் டிசம்பர் 8ஐ நீர்மூழ்கி தினமாகக் கடற்படை இன்றும் கொண்டாடுகிறது. 1996இல் அது ஓய்வு பெற்றது. ஓய்வு பெற்ற கப்பலின் பெயரைப் புதுக் கப்பலுக்கு வைப்பது கடற்படை வழக்கம். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுபோலத்தான்.

இதைக் கட்டியது இந்தியாவா, பிரான்சா?

வடிவமைப்பு பிரான்சுடையது, வெல்டிங் மும்பையுடையது. ஸ்கார்ப்பீன் என்ற இந்த வகையின் உரிமை இன்று நேவல் குரூப் என்று அழைக்கப்படும் பிரெஞ்சு நிறுவனத்திடம் இருக்கிறது. சிலி, மலேசியா, பிரேசில் நாடுகளிடமும் இதே வகைக் கப்பல்கள் உண்டு. மலேசியாவில் இருப்பவர்களுக்கு துங்கு அப்துல் ரகுமான், துன் ரசாக் என்ற இரண்டு நீர்மூழ்கிகள் தெரிந்திருக்கும். அவை கல்வரிக்கு உறவுக்காரர்கள்தான்.

2005 அக்டோபரில் ஒப்பந்தம் ஆனது. ஆறு கப்பல்களையும் மும்பை மசகான் கப்பல் கட்டும் தளத்திலேயே கட்ட வேண்டும், தொழில்நுட்பத்தை பிரெஞ்சுக்காரர்கள் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. இதற்கு 'புராஜெக்ட் 75' என்று பெயர். கல்வரிக்குப் பிறகு காந்தேரி 2019இலும், கரஞ்ச், வேலா இரண்டும் 2021இலும், வகிர் 2023இலும், கடைசியாக வாக்‌ஷீர் 2025 ஜனவரியிலும் சேர்ந்தன. ஆறுக்கும் சேர்த்துத் திருத்தப்பட்ட மதிப்பீடு 23,562 கோடி ரூபாய்.

நாம்தான் ஏற்கெனவே நீர்மூழ்கி கட்டியிருக்கிறோமே, மறுபடி ஏன் வெளிநாட்டுக்காரரிடம் பாடம் படிக்க வேண்டும்?

இந்தக் கேள்விக்குத்தான் நான் நின்று பதில் சொல்ல ஆசைப்படுவேன். ஏனென்றால் கல்வரியின் கதையே இதில்தான் இருக்கிறது.

1981 டிசம்பரில் மேற்கு ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்தோடு நாலு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். இரண்டை கீல் நகரில் கட்டித் தந்தார்கள். மற்ற இரண்டையும் அதே மசகான் தளத்தில் நம் ஆட்களே கட்டினார்கள். ஷல்கி 1992இலும் ஷன்குல் 1994இலும் பணியில் சேர்ந்தன. மும்பை வெல்டர்கள் ஜெர்மனிக்குப் போய்க் கற்றுக்கொண்டு வந்து செய்த வேலை அது. இன்னும் இரண்டு கட்டுவதாக இருந்தது. அதற்குள் 1987இல் கமிஷன் குற்றச்சாட்டு கிளம்பி, அரசியல் புயலாகி, மேற்கொண்டு எதுவும் நடக்கவில்லை.

பயிற்சி எடுத்தவர்கள் என்ன ஆனார்கள்? சிலர் ஓய்வு பெற்றார்கள், சிலர் வேறு கப்பல் வேலைக்கு மாறினார்கள், சிலர் வளைகுடாவுக்குப் போனார்கள். 1994இல் ஷன்குல் போன பிறகு 2006 டிசம்பரில் கல்வரிக்கு முதல் எஃகுத் தகட்டை வெட்டும் வரை பன்னிரண்டு வருஷம் அந்தத் தளத்தில் புதிதாக ஒரு நீர்மூழ்கி வேலையும் கிடையாது. வரைபடத்தை இரும்புப் பீரோவில் பூட்டி வைக்கலாம். கை நிதானத்தை எங்கே பூட்டி வைப்பது? தவில் வித்வான் பன்னிரண்டு வருஷம் தவிலைத் தொடாமல் இருந்தால் விரல் என்ன சொல்லும்? அதேதான் இங்கும்.

ஆகவே கல்வரிக்குச் செலவான காலத்தில் ஒரு பங்கு, ஏற்கெனவே ஒரு தடவை கற்றதை மறுபடி கற்றதற்கான காலம். கொஞ்சம் வயிற்றெரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன். வாக்‌ஷீர் பணியில் சேர்ந்த நாளில், அந்தத் தளத்தில் அடுத்துக் கட்டுவதற்குக் கையெழுத்தான ஒரு நீர்மூழ்கி ஒப்பந்தமும் இல்லை.

சரி, எப்படித்தான் கட்டுகிறார்கள்?

சாதாரணக் கப்பலை அடியிலிருந்து மேலே கட்டிக்கொண்டு போவார்கள். நீர்மூழ்கியைத் துண்டு துண்டாகக் கட்டிக் கடைசியில் ஒட்டுவார்கள்.

முதலில் அழுத்தத்தைத் தாங்கும் உடல். தனி ரக எஃகுத் தகட்டை உருளையில் விட்டு வட்டமாக வளைக்கிறார்கள். உள்பக்கத்தில் பீப்பாய் வளையம்போல நெருக்கமாக விலா எலும்புகள் வைத்து வெல்ட் செய்கிறார்கள். இங்கே வட்டம் என்றால் நிஜமாகவே வட்டமாக இருக்க வேண்டும். கண்ணாடி வளையலைச் சுற்றிலும் ஒரே மாதிரி அழுத்தினால் தாங்கும், ஒரு பக்கம் கொஞ்சம் நசுங்கியிருந்தால் பட்டென்று போய்விடும் அல்லவா? அந்தக் கணக்குதான். கல்வரி 300 மீட்டர் ஆழம் வரை போகக்கூடியது. அந்த ஆழத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 30 கிலோ அழுத்தம் வரும். நாம் சாப்பிடும் தட்டு அளவுள்ள இடத்தின் மேல் மட்டும் இருபது டன்னுக்கு மேல். நாலு யானை ஒரே தட்டில் ஏறி நிற்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பலின் உடம்பு முழுக்க அப்படித் தட்டுத் தட்டாக யானை.

அதனால் வெல்டிங் வேலை பத்தியம்போல நடக்கும். இந்த வகை எஃகை வெல்ட் செய்யும் முன் சூடு பண்ண வேண்டும். வெல்டிங் ராடில் துளி ஈரம் இருக்கக் கூடாது. ஈரத்திலிருந்து வரும் ஹைட்ரஜன் உலோகத்துக்குள் புகுந்து, வேலை முடிந்து பல மணி நேரம் கழித்து, யாரும் பார்க்காதபோது உள்ளே விரிசல் விடும். மும்பை மழைக்காலத்தில் இந்த ஒழுங்கைக் காப்பது எவ்வளவு பாடு என்று யோசித்துப் பாருங்கள். ஒவ்வொரு தையலையும் எக்ஸ்ரேயும் மீயொலியும் வைத்துப் பார்ப்பார்கள். குறை இருந்தால் தோண்டி எடுத்துவிட்டு மறுபடி.

அடுத்ததாக உள் சாமான்கள். உடம்பை மூடிய பிறகு டீசல் இன்ஜினை உள்ளே கொண்டுபோக வாசல் கிடையாது. மனிதன் இறங்கும் அளவு துவாரங்கள்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு துண்டும் இரண்டு பக்கமும் திறந்து கிடக்கும்போதே இன்ஜின், மோட்டார், கட்டுப்பாட்டு அறை எல்லாவற்றையும் தளத்தோடு சேர்த்து வெளியே கோத்து, இழுப்பறையைத் தள்ளுவதுபோல உள்ளே தள்ளுகிறார்கள். 67.5 மீட்டர் நீளக் கப்பலுக்குள் சுமார் 60 கிலோமீட்டர் கேபிளும் 11 கிலோமீட்டர் குழாயும் ஓடுகின்றன. சென்னை சென்ட்ரலிலிருந்து இழுத்தால் கேபிள் செங்கல்பட்டைத் தாண்டிவிடும்.

2014 ஜூலையில் கல்வரியின் ஐந்து துண்டுகளையும் வரிசையாக வைத்து ஒன்றாக வெல்ட் செய்தார்கள். அதுவரை தனித்தனி இரும்பு உருளைகளாகக் கிடந்தவை அன்றைக்குத்தான் கப்பல் ஆயின.

பேட்டரியும் அப்போதே வைத்துவிடுவார்களா?

இல்லை, அது தனிக் கதை. மொத்தம் 360 செல்கள். ஒவ்வொன்றும் 750 கிலோ. வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரியின் பெரியப்பா என்று சொல்லலாம். எல்லாம் சேர்த்து 270 டன். அவற்றை மேல்துவாரம் வழியாக ஒவ்வொன்றாக இறக்கி, கீழ்த்தளத்தில் இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். கப்பல் கவிழாமல் நிற்க உதவும் அடிப்பாரமும் அவைதான்.

2005இல் ஒப்பந்தம், 2017இல் கப்பல். ஏன் இவ்வளவு தாமதம்?

முதல் திட்டப்படி 2012 கடைசிக்குள் வந்திருக்க வேண்டும். ஐந்து வருஷம் பிந்தியது. கை பழக்கம் விட்டுப்போனதைச் சொல்லிவிட்டேன். இன்னொரு பெரிய காரணம் சாமான் வாங்கியது. வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய கருவிகளில் ஒரு பெரிய பகுதிக்கு ஒப்பந்த நேரத்தில் உறுதியான விலை பேசி முடிக்கவில்லை. பிறகு பேசும்போது விலை ஏறியிருந்தது. அதற்கு அனுமதி வாங்கவே வருஷங்கள் ஓடின. வீடு கட்ட ஆரம்பித்துவிட்டுக் கம்பிக்கும் சிமெண்டுக்கும் நடுவில் கடன் தேடுவது மாதிரி.

இறக்கியவுடன் கடற்படை எடுத்துக்கொள்ளுமா?

2015 ஏப்ரல் 6 அன்று அப்போதைய பாதுகாப்பு அமைச்சர் மனோகர் பாரிக்கர் முன்னிலையில் கல்வரி தளத்தை விட்டு வெளியே வந்தது. அந்த வருஷம் அக்டோபர் கடைசியில் தண்ணீரில் மிதந்தது. 2016 மே 1 அன்றுதான் முதன்முதலாகக் கடலுக்குப் போனது. பிறகு பதினாறு மாதத்துக்கு மேல் சோதனை.

முதலில் மேலே ஓட்டிப் பார்ப்பார்கள். அப்புறம் கொஞ்சம் முங்குவது, இன்னும் கொஞ்சம் ஆழம், நிறுத்தி ஒவ்வொரு இணைப்பாகக் கசிவு பார்ப்பது, பிறகு அடுத்த படி. சத்தம் எவ்வளவு வருகிறது என்று அளக்க மட்டும் தனிச் சோதனைகள். 2017 மார்ச் 2 அன்று அரபிக்கடலில் நீருக்கடியிலிருந்து எக்சோசெட் ஏவுகணையை விட்டுப் பார்த்தது. மே மாதம் டார்பிடோ, அதாவது தண்ணீருக்குள்ளேயே பாய்ந்து போய் வெடிக்கும் ஆயுதம். செப்டம்பர் 21 அன்று மசகான் தளம் கப்பலைக் கடற்படையிடம் ஒப்படைத்தது. டிசம்பர் 14 அன்று பிரதமர் மோடி முறைப்படி பணியில் சேர்த்தார்.

முங்குவதும் எழுவதும் எப்படி?

கிணற்றில் குடத்தை முங்கவிட்டுப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெறும் குடம் மிதக்கும். சாய்த்தால் காற்று களகளவென்று வெளியேறி, தண்ணீர் புகுந்து, குடம் இறங்கும். நீர்மூழ்கியின் உடம்புக்கு வெளியே இருக்கும் தொட்டிகள்தான் அந்தக் குடம். மேல் அடைப்பைத் திறந்தால் காற்று போய், அடியில் இருக்கும் வழியாகக் கடல் உள்ளே வரும். எழும்போது சேமித்து வைத்த அழுத்தக் காற்றை ஊதித் தண்ணீரை வெளியே தள்ளுவார்கள்.

இது பெரிய கணக்கு. சின்னக் கணக்குதான் தினசரி வேலை. முங்கிய கப்பல் மேலேயும் போகாமல் கீழேயும் போகாமல் அந்தரத்தில் நிற்க வேண்டும். ஒரு டார்பிடோ வெளியே போனால் அந்த எடைக்குத் தண்ணீர் எடுக்க வேண்டும். சாப்பிடச் சாப்பிட அரிசி மூட்டை எடை குறையும், அதையும் சரிக்கட்ட வேண்டும். வங்கக் கடலில் கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நல்ல தண்ணீரால் மேல்மட்டத்தில் உப்பு குறைவு. உப்பு குறைந்தால் தாங்கும் பலமும் குறையும். அரபிக்கடலில் போட்ட கணக்கு அங்கே செல்லாது.

தண்ணீருக்குள் டீசல் இன்ஜின் எப்படி ஓடும்? காற்று வேண்டாமா?

வேண்டும். அதனால் ஓடாது. தண்ணீருக்குள் மின் மோட்டார்தான் சுற்றும், பேட்டரிதான் சாப்பாடு போடும். 1,250 கிலோவாட் டீசல் இன்ஜின்கள் இரண்டு இருப்பது பேட்டரியை நிரப்புவதற்காக. நிரப்ப வேண்டிய நேரத்தில் கப்பல் மேல்மட்டத்துக்குப் பக்கத்தில் வந்து, ஸ்நார்க்கல் என்ற குழாயை மட்டும் வெளியே நீட்டிக் காற்றை உறிஞ்சும். நீர்மூழ்கிக்காரர்கள் பயப்படும் நேரம் இதுதான். இன்ஜின் சத்தம், புகை, ரேடாரில் தெரியக்கூடிய குழாய்த் தலை, எல்லாம் ஒரே நேரத்தில்.

மற்ற நேரத்தில் மெதுவாகப் போனால் கிட்டத்தட்டச் சத்தமே இல்லை. நீருக்கடியில் 20 நாட் வேகம், அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர் வரை போகலாம். ஆனால் அந்த வேகத்தில் பேட்டரி சீக்கிரம் காலியாகிவிடும். வீட்டில் இன்வெர்ட்டரில் மின்விசிறி மட்டும் போட்டால் ராத்திரி முழுக்க வரும், ஏசி போட்டால்?

ஏ.ஐ.பி. என்று அடிக்கடி செய்தி வருகிறதே, அது என்ன?

காற்று இல்லாமலே மின்சாரம் செய்யும் ஏற்பாடு. அது இருந்தால் ஸ்நார்க்கல் நீட்ட அடிக்கடி மேலே வர வேண்டியதில்லை. கல்வரியில் அது இல்லாமல்தான் கட்டினார்கள். மகாராஷ்டிரத்தில் அம்பர்நாத்தில் இருக்கும், நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமான டி.ஆர்.டி.ஓ.வின் ஆய்வகம் எரிபொருள் மின்கலத்தை வைத்துச் சொந்தமாக ஒன்றைச் செய்து, 2021 மார்ச்சில் தரையில் ஓட்டிக் காட்டியது. அதைக் கப்பலில் பொருத்தும் துண்டைக் கட்டுவதற்கு 2024 டிசம்பரில் மசகான் தளத்தோடு சுமார் 1,990 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் ஆனது.

எப்படிப் பொருத்துவார்கள் என்பதுதான் சுவாரசியம். பெரிய பராமரிப்புக்கு வரும்போது கப்பலைக் குறுக்கே இரண்டாக வெட்டி, நடுவில் புதுத் துண்டை வைத்து, மறுபடி வெல்ட் செய்ய வேண்டும். மேலே சொன்ன யானைக் கணக்கு அந்தத் தையலுக்கும் உண்டு.

என்ன ஆயுதம் இருக்கிறது?

மூக்கில் ஆறு குழாய்கள், 533 மில்லிமீட்டர் விட்டம். மொத்தம் 18 ஆயுதங்கள் வைக்கலாம். டார்பிடோ, எக்சோசெட் ஏவுகணை, கண்ணிவெடி. ஏவுகணை ஒரு கூட்டுக்குள் அடைபட்டுக் குழாயிலிருந்து வெளியேறி, கடல் மட்டத்துக்கு வந்ததும் கூட்டை உதறிவிட்டுப் பறக்கும்.

இதிலும் ஒரு வருத்தக் கதை உண்டு. கல்வரிக்கென்று தேர்வான இத்தாலிய டார்பிடோ, அதன் தாய் நிறுவனத்தின் பெயர் ஹெலிகாப்டர் ஊழல் வழக்கில் அடிபட்டதால் 2016இல் கைவிடப்பட்டது. புதுக் கப்பல் பழைய ஜெர்மன் டார்பிடோக்களோடு வேலைக்கு வந்தது. பட்டு வேட்டி கட்டி, ரப்பர் செருப்பு போட்ட மாப்பிள்ளை. டி.ஆர்.டி.ஓ.வின் புது மின் டார்பிடோவை இந்தக் கப்பல்களில் இணைக்க 2024 டிசம்பரில்தான், சுமார் 877 கோடிக்கு, நேவல் குரூப்போடு ஒப்பந்தம் ஆனது.

இதன் ரகசியங்கள் வெளியே கசிந்துவிட்டனவாமே?

2016 ஆகஸ்டில் ஓர் ஆஸ்திரேலிய நாளிதழ், இந்திய ஸ்கார்ப்பீன் பற்றிய 22,400 பக்கங்கள் தன் கைக்கு வந்ததாக எழுதி, சில பகுதிகளை மறைத்து வெளியிட்டது. பாதுகாப்புக்கு ஆபத்தில்லை என்பது கடற்படையின் நிலை. என் கணிப்பைக் கேட்டால், கையேட்டில் இருப்பதும் பத்து வருஷம் கழித்துக் கடலில் ஓடும் கப்பல் எழுப்பும் நிஜச் சத்தமும் ஒன்றாக இருக்காது. அதற்காக நல்ல செய்தி என்று சொல்ல முடியுமா, முடியாது.

உள்ளே வாழ்க்கை எப்படி?

பணியில் இருக்கும் கப்பலுக்குள் நம்மை விட மாட்டார்கள். பக்கத்தில் போய்ப் பார்க்க வழி, விசாகப்பட்டினம் ராமகிருஷ்ணா கடற்கரையில் இருக்கும் குர்சுரா. முதல் கல்வரியின் கூடப்பிறந்த கப்பல். 1969இல் பணியில் சேர்ந்து 2001இல் ஓய்வு பெற்று, 2002 முதல் அருங்காட்சியகமாக மணலில் நிற்கிறது.

நான் போனபோது அக்கா மகனும் கூட வந்தான். ஒரு அறையிலிருந்து அடுத்த அறைக்குப் போக, சுவரில் ஒரு வட்டத் துவாரம். முதலில் ஒரு காலை உள்ளே விட்டு, உடம்பை மடக்கி, தலையைக் கடைசியாக இழுத்துக்கொள்ள வேண்டும். தலையை முதலில் விட்ட எனக்கு நெற்றியில் புடைத்தது. பையன் அணில் மாதிரி போய்விட்டான். முன்னறையில் டார்பிடோக் குழாய்களின் பித்தளை மூடிகள், அவற்றுக்குப் பக்கத்திலேயே படுக்கைகள். "மாமா, இவங்க குண்டு பக்கத்துலயா தூங்குவாங்க?" என்றான். ஆமாம் என்றேன். இடுப்பு உயரத்தில், தலைக்கு மேல், முழங்கைக்குப் பக்கத்தில், எங்கே கை வைத்தாலும் ஒரு வால்வுச் சக்கரம்.

குர்சுரா 91 மீட்டர் நீளம், சுமார் 75 பேர். கல்வரி அதைவிடக் குட்டை, ஆனால் 8 அதிகாரிகளும் 35 மாலுமிகளும் போதும். கணினி வந்ததால் அந்த மிச்சம். மற்றபடி அடிப்படை மாறவில்லை. பகல் இரவு தெரியாது, முறை வைத்து வேலை. முதல் வாரம் பச்சைக் காய்கறி, போகப் போக டப்பாச் சாப்பாடு. மூச்சில் வரும் கரியமில வாயுவை உறிஞ்ச ரசாயனம். ஒரு ஸ்பேனரைக் கீழே போட்டால் அந்தச் சத்தம் தண்ணீரில் வெகுதூரம் போகும் என்பதால் நடையே பூனை நடையாகிவிடும்.

குடியரசுத் தலைவராக இருந்தபோது அப்துல் கலாம் 2006 பிப்ரவரி 13 அன்று விசாகப்பட்டினத்தில் சிந்துரக்‌ஷக் என்ற நீர்மூழ்கியில் ஏறி, முங்கிப் பார்த்துவிட்டு வந்தார். அப்படிப் போன முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவர்தான். ராமேஸ்வரத்துக்காரருக்குக் கடல் புதிதா என்ன.

முங்கியிருக்கும் கப்பலோடு கரையிலிருந்து எப்படிப் பேசுவார்கள்?

இதற்கான பதில் திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கிறது. நாங்குநேரி பக்கம் விஜயநாராயணத்தில் ஐ.என்.எஸ். கட்டபொம்மன் என்று ஒரு கடற்படைத் தளம் உண்டு. பெயரில் கப்பலுக்கு வைக்கும் ஐ.என்.எஸ். இருந்தாலும் இது கடலில் இறங்காத 'கப்பல்'. 1990 முதல் வேலை செய்கிறது.

செல்போன் அலை தண்ணீரில் விரல் ஆழம்கூடத் தாண்டாது. மிகத் தாழ்ந்த அதிர்வெண் கொண்ட அலை மட்டும் கடல் மட்டத்துக்குக் கீழே சில மீட்டர் வரை இறங்கும். அந்த அலையை அனுப்ப வானளாவிய கோபுரங்களும் ஏக்கர் ஏக்கராக நிலமும் வேண்டும். பனங்காட்டுக்கு மேலே தெரியும் அந்தக் கோபுரங்களைப் பார்த்து ஊர்க்காரர்கள் ரேடியோ ஸ்டேஷன் என்று நினைத்தால் தப்பில்லை, ஒரு வகையில் அதுதான். ஆனால் ஒருவழிப் பேச்சு. கரை சொல்லும், கப்பல் கேட்கும். பதில் சொல்ல வேண்டுமானால் கப்பல் மேலே வந்து ஆண்டெனாவை நீட்ட வேண்டும், அது ஆபத்து. அதனால் பெரும்பாலும் பதில் வராது. இரண்டாவது நிலையம் தெலங்கானாவில் விகாராபாத் பக்கம் வரப்போகிறது. 2024 அக்டோபரில் அடிக்கல் நாட்டினார்கள்.

விபத்து நடந்தால் தப்பிக்க முடியுமா?

ஆழத்தைப் பொறுத்தது. கப்பலில் தப்பிக்கும் அறையும் அதற்கான உடைகளும் உண்டு. விசாகப்பட்டினத்தில் ஐ.என்.எஸ். சாதவாகனா பயிற்சிப் பள்ளியில், தண்ணீர் நிரப்பிய கோபுரத்தின் அடியிலிருந்து எழுந்து வரப் பழக்குகிறார்கள். ரொம்ப ஆழமென்றால் மீட்பு ஊர்தி வேண்டும். 2018இல்தான் நம்மிடம் சொந்தமாக அது வந்தது. 650 மீட்டர் வரை இறங்கும். 2021இல் இந்தோனேசியாவின் நங்காலா நீர்மூழ்கி காணாமல் போனபோது உதவிக்கு அதை அனுப்பினோம். போய்ச் சேரும் முன்பே நம்பிக்கை முடிந்துவிட்டது.

நம் நீர்மூழ்கிப் படையின் பெரிய துயரம் கடலில் நடக்கவில்லை, மும்பைத் துறைமுகத்திலேயே நடந்தது. 2013 ஆகஸ்ட் 14 நள்ளிரவில், கலாம் முங்கிப் பார்த்த அதே சிந்துரக்‌ஷக், கரையோரம் கயிறு கட்டி நிறுத்திய இடத்தில் வெடித்து மூழ்கியது. உள்ளே இருந்த 18 பேரும் இறந்துபோனார்கள்.

பேட்டரியும் லேசுப்பட்டதல்ல. சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் விடும். அந்த வாயு சேர்ந்தால் ஒரு பொறி போதும். கல்வரியின் 360 செல்களுக்கு நடுவே காற்றோட்டத்தை ஓயாமல் கண்காணிப்பது அதனால்தான்.

கல்வரி எந்தப் போரிலாவது ஈடுபட்டதா?

யாரையும் சுட்டதில்லை. மும்பையைத் தளமாகக் கொண்டு ரோந்து போகிறது. எங்கே போனது என்று கடற்படை சொல்லாது. 2019 மார்ச்சில் ஓர் இந்திய நீர்மூழ்கியைக் கண்டுபிடித்து விரட்டியதாக பாகிஸ்தான் ஒரு வீடியோ விட்டது, இந்தியா அதைப் பொய்ப் பிரசாரம் என்றது. இந்தத் தொழிலில் வெளியே தெரிவது அவ்வளவுதான். இதன் தங்கைகள் சில நேரம் வெளிப்படையாகவே தலைகாட்டியிருக்கின்றன. வகிர் 2023இல் ஆஸ்திரேலியாவின் ஃப்ரீமாண்டில் வரை போய் வந்தது. கரஞ்ச் 2024 பிப்ரவரியில் கொழும்புத் துறைமுகத்தில் நின்றது.

அரிஹந்தும் இதுவும் ஒரே வகையா?

வேறு சாதி. அரிஹந்தும் நம் நீர்மூழ்கிதான், ஆனால் அணுசக்தியில் ஓடுவது, அணு ஏவுகணை சுமப்பது, விசாகப்பட்டினத்தில் கட்டியது. அதன் உலையின் முன்மாதிரியைத் தரையில் ஓட்டிப் பழகிய இடம் நம் கல்பாக்கம்.

எத்தனை வருஷம் ஓடும்? ஓய்வு பெற்றால் என்ன செய்வார்கள்?

இருபத்தைந்து முப்பது வருஷம் என்று கணக்கு வைப்பார்கள். இடையில் பெரிய பராமரிப்புகள் உண்டு. அதிலும் அதே கை பழக்கப் பிரச்சினைதான். சிந்துகீர்த்தி என்ற நீர்மூழ்கி 2006இல் விசாகப்பட்டினத் தளத்துக்குப் பராமரிப்புக்குப் போய் 2015இல்தான் திரும்பியது. ஒன்பது வருஷம். கல்வரியை முழுதாகக் கட்டியதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசமில்லை.

ஓய்வுக்குப் பிறகு ஒவ்வொன்றுக்கும் ஒரு தலையெழுத்து. குர்சுரா கடற்கரையில் டிக்கெட்டுக்கு நிற்கிறது. சிந்துவீர் 2020இல் மியான்மருக்குப் போய் வேறு பெயரில் ஓடுகிறது. வெடித்த சிந்துரக்‌ஷக்கைத் தூக்கியெடுத்து, கொஞ்ச காலம் பயிற்சிக்கு வைத்திருந்து, 2017இல் அரபிக்கடலின் ஆழத்தில் மூழ்கடித்தார்கள். முதல் கல்வரியை உடைத்துவிட்டார்கள், அதன் மேல்கோபுரம் மட்டும் விசாகப்பட்டினத்தில் இருக்கிறது. இப்போதைய கல்வரிக்கு இன்னும் இருபது வருஷத்துக்குக் கிட்டே பாக்கி இருக்கிறது.